ஏஜினா வீரர்களின் கைகளைக் கழற்றியது ஏன்? பழைய பளிங்கும் பின்னால் வந்த ஒட்டும்

வைகறை_க

மியூனிக்கின் கிளிப்டோதெக் சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கும், கிரேக்கத்தின் ஏஜினா தீவுக் கோயில் சிற்பங்களின் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பழைய படங்களில் வீரர்களுக்குக் கை, கால், மூக்கு, தலைக்கவசத்தின் கொண்டை எல்லாம் முழுசாக இருக்கின்றன. இப்போது அதே வீரர்கள் மூளியாக, உலோகக் கம்பிகளின் தாங்கலில் நிற்கிறார்கள். ஒட்டியதைக் கழற்றிவிட்டார்கள் என்பது வரை தெரிகிறது. என் கேள்விகள் மூன்று. ஒட்டியது தப்பாக இருந்ததால் கழற்றினார்களா, அல்லது பழசு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகவா? அருங்காட்சியகத்தில் ஒரு சிலைக்கு முன்னால் நிற்கும்போது எது பழைய கல், எது பின்னால் வைத்தது என்று கண்ணாலேயே எப்படிப் பிரித்தறிவது? இன்றைக்கு உடைந்த பளிங்கை ஒட்டுகிறவர்கள் உள்ளே என்ன வைக்கிறார்கள்? அழகியல் விளக்கத்தைவிட வேலை விவரம்தான் வேண்டும்.

பல்லுளி

முதல் கேள்விக்கு: இரண்டு காரணமும் உண்டு. ஆனால் உண்மையான சேதம் நடந்த இடம் வேறு.

ஏஜினா தீவின் அஃபாயா கோயில் முகப்புச் சிற்பங்களை 1811-இல் கட்டடக் கலைஞர்கள் காக்கரெல், ஹாலர் ஃபான் ஹாலர்ஷ்டைன் குழுவினர் தோண்டி எடுத்தார்கள். 1812-இல் பவேரியாவின் பட்டத்து இளவரசர் லுட்விக் அவற்றை வாங்கினார். அங்கிருந்து ரோமுக்குப் போய், 1816 முதல் 1818 வரை டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சனின் பட்டறையில் முழுமையாக்கப்பட்டன. மூலக் கல் பாரோஸ் தீவுப் பளிங்கு. அவர் சேர்த்தது இத்தாலியின் கரரா பளிங்கு.

உடைந்த கல்லின் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் புதுக் கல்லை இறுக உட்கார வைக்க இரண்டே வழி. புதுக் கல்லை அந்த மேடுபள்ளத்துக்கு ஏற்பக் குடைவது ஒன்று. வேலை அதிகம், கூலி அதிகம். பழைய முகத்தையே செதுக்கித் தட்டையாக்கிவிட்டு, தட்டைக்குத் தட்டை வைத்து நடுவில் இரும்பு முளை அடிப்பது இன்னொன்று. ஏஜினாவில் பல இடங்களில் நடந்தது இரண்டாவது. தோள்மூட்டு, மணிக்கட்டு, முழங்கால் என்று முறிவு முகங்கள் சமமாக்கப்பட்டன. முறிவு முகம்தான் அந்தச் சிலையின் கைரேகை. பின்னாளில் நிஜமான கை மண்ணிலிருந்து கிடைத்தாலும், அது இந்தத் தோளுக்கு உரியதுதான் என்று நிரூபிக்கும் ஒரே நேரடிச் சாட்சி அதுதான்.

பின்னாளில் கிடைக்கவும் செய்தன. 1901-இல் ஜெர்மன் தொல்லியலாளர் அடால்ஃப் ஃபுர்ட்வெங்லர் அதே கோயிலில் மறுபடி தோண்டியபோது இன்னும் பல துண்டுகள் வெளிவந்தன. தோர்வால்ட்சன் காலத்து வரிசை சரியில்லை என்று அவர் வாதிட்டார். சிலரின் நிற்கும் கோணமே மாறியது. ஒரு வீரன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதைப் புதுக்கால்தான் முடிவு செய்திருந்தது என்றால், அந்தக் காலைக் கழற்றாமல் சாய்வைத் திருத்த முடியாது. 1960-களில் தொல்லியலாளர் டீட்டர் ஓலி ஒட்டுகளைக் கழற்றி, மிஞ்சிய மூலத் துண்டுகளை மட்டும் கம்பியில் நிறுத்தினார். போரில் குண்டுவீச்சுக்கு ஆளான கட்டடம் 1972-இல் மறுபடி திறந்தபோது மக்கள் பார்த்தது இந்த மூளி வடிவத்தைத்தான்.

ஆக, ஒட்டு தப்பு என்பது பாதிக் கதை. கழற்றினாலும் மூலம் திரும்பவில்லை என்பதுதான் மீதி. கை போனது, கை இருந்த இடத்தின் முறிவும் போயிருந்தது.

தோர்வால்ட்சனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை, அன்றைய பட்டறை வழக்கமே அப்படித்தான். ஆனால் "அன்றைக்கு யாருக்கும் தெரியாது" என்பதும் சரியில்லை. அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே ரோமில் பழஞ்சிலைகளைப் பழுதுபார்த்த சிற்பி பார்த்தொலொமேயோ கவச்செப்பி, புது ஒட்டுக்கு ஏற்றபடி பழைய மேற்பரப்பை மறுபடி செதுக்கித் தேய்ப்பவர்களைக் கண்டித்து எழுதிவிட்டார். ஒட்டு வரி நேர்கோடாக இராமல் தற்செயலாக உடைந்ததுபோல் வளைந்து நெளிந்து இருக்க வேண்டும் என்பதும், கல் இனம் பொருந்த வேண்டும் என்பதும் அவர் விதிகள்.

நத்தை_1506

கண்ணால் பிரித்தறிவது பற்றி. எல்லாம் ஒரே பார்வையில் தெரியாது. எந்த இடங்களைப் பார்ப்பது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உடையக்கூடிய இடங்கள்: மூக்கு நுனி, காது மடல், விரல்கள், ஆண்குறி, ஆடையின் தொங்கும் ஓரங்கள், நீட்டிய கைகள். இரண்டாயிரம் வருஷம் மண்ணில் கிடந்த சிலையில் மூக்கு முழுசாக இருந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது. மூக்கைச் சுற்றி மயிரிழை போன்ற வரி ஓடுகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாது.

அடுத்து மேற்பரப்பு. மண்ணில் கிடந்த கல்லில் வேர் ஓடிய தடம், சுண்ணாம்புப் படிவு, பரல்களின் (கல்லில் தெரியும் படிகத் துகள்களின்) விளிம்பு கரைந்து மழுங்கிய தன்மை எல்லாம் இருக்கும். புதுக் கல்லில் அரம் போட்ட கீறலும் நுரைக்கல் தேய்த்த மெருகும் கூர்மையாக இருக்கும். ஒரு சிக்கல் உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளில் பழைய பாகத்தையும் அமிலத்தால் கழுவி, மெருகேற்றி, புதுசோடு ஒன்றாக்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட சிலையில் மேற்பரப்பு ஒன்றுமே சொல்லாது. அங்கே ஆடை மடிப்பின் அடி, கூந்தல் சுருளின் உள்பள்ளம், முதுகுப்புறம் போன்ற, மெருகுத் துணி எட்டாத இடங்களைப் பார்க்க வேண்டும்.

பரல் அளவும் உதவும். கரராவின் பரல் மிகப் பொடி, 1 மி.மீ-க்கும் கீழே. கிரேக்கத் தீவுகளான நக்சோஸ், தாசோஸ் கற்களில் பரல் பல மி.மீ வரை போகும்; வெளிச்சத்தில் சர்க்கரைக் கட்டிபோல் மின்னும். ஏதென்ஸ் பக்கத்துப் பெண்டெலிக்கான் மலைப் பளிங்கில் இரும்புச் சத்து இருப்பதால் வெயிலில் நாளடைவில் தேன் நிறம் ஏறும். உடம்பில் பெரும் பரலும் கையில் பொடிப் பரலும் தெரிந்தால் கை பிறகு வந்தது என்று ஊகிக்கலாம். கரரா என்றாலே புதுசு என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து ரோமானியர்களே அதை வெட்டியிருக்கிறார்கள்.

கருவித் தடமும் காலம் சொல்லும். ரோமானியத் தலைகளில் கருவிழியைக் குடைந்து காட்டும் வழக்கம் பேரரசர் ஏட்ரியன் ஆட்சியில், சுமார் கி.பி. 130-இல்தான் பரவலாகிறது. அகஸ்டஸ் தலையில் குடைந்த கருவிழி இருந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கக் கூடும்.

அருங்காட்சியகத்துக்குள் செய்ய முடியாதது ஒன்று: 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. இருட்டறையில் பழைய மேற்பரப்பு மஞ்சள் கலந்த வெண்மையாகத் திட்டுத்திட்டாக ஒளிரும். புதிதாக வெட்டிய பளிங்கு ஊதாவாகத் தெரியும். மேலே ஷெல்லாக் (அரக்கு) பூச்சு இருந்தால் ஆரஞ்சு நிறம் வந்து குழப்பும், அமிலத்தில் கழுவிய பழங்கல்லும் புதுசுபோலவே காட்டும். அதனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் யாருக்கும் கிடையாது.

இதற்கெல்லாம் மேலாக, தோற்ற அமைதியைப் பாருங்கள். பழைய கிரேக்கச் சிற்பி மைரனின் வட்டெறிபவன் வெண்கலச் சிலைக்குப் பல ரோமானியப் பளிங்குப் படிகள் (நகல்கள்) உண்டு. அவற்றில் தலையில்லாத ஒரு முண்டத்தைச் சிற்பி பியேர்-எத்தியேன் மொன்னோ, காயம்பட்டு விழும் போர்வீரனாக முடித்துவிட்டார். ரோமின் கேப்பிடோலைன் அருங்காட்சியகத்தில் இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் முண்டம் எறியப்போகிறது, கை தரையில் ஊன்றுகிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டவுன்லி வட்டெறிபவனுக்கு வைத்த தலை வட்டைத் திரும்பிப் பார்க்காமல் முன்பக்கம் கவிழ்ந்திருக்கிறது. 1781-இல் கிடைத்த லான்செல்லொட்டி படியில் தலை உடைபடாமல் திரும்பியே இருக்கிறது; அதோடு ஒப்பிட்டால் அந்தத் தப்பு வெளிப்படை.

வைகறை_க

நன்றி. நீங்கள் சொன்னபடி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோமானிய உருவச் சிலைகள் பலவற்றில் கழுத்துக்கும் மேலாடைக்கும் நடுவில் தெளிவான வட்ட வரி ஓடுகிறது. இத்தனைக்குமா தலை மாற்றியிருப்பார்கள்?

கல்தோட்டம்

இங்கேதான் நத்தை சார் சொன்னதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வரி இருந்தாலே ஒட்டுவேலை என்று எடுத்துக்கொண்டால் பாதிச் சிலைகளை அநியாயமாகச் சந்தேகப்படுவோம். அந்தக் காலச் சிற்பிகளே துண்டு துண்டாகத்தான் செய்தார்கள்.

நீங்கள் பார்த்த கழுத்து வரி பெரும்பாலும் அசல். ரோமானியப் பட்டறையில் மேலாடை போர்த்திய உடம்பு ஒரு கல், தலையும் கழுத்தும் வேறு கல். கழுத்தின் அடியைக் கிண்ணத்தின் அடிப்பாகம்போல் குவித்துச் செதுக்கி, உடம்பில் அதே அளவுக்குக் குழி குடைந்து உட்கார வைப்பார்கள். வரி மேலாடை விளிம்பில் மறையும். உடம்பு மட்டமான கல்லாகவும், முகம் நல்ல கல்லாகவும் இருப்பதுண்டு. ஆட்சி மாறினால் தலையை மட்டும் மாற்றவும் இது வசதி.

கிரேக்கத்திலும் இதே கதைதான். மெலோஸ் தீவில் 1820-இல் கிடைத்த வீனஸ், இடுப்பு ஆடை மடிப்புக்குள் சேரும் இரண்டு பெரிய கற்கள். இடது கை தனியாகப் பொருத்தப்பட்டது. பாம்புகள் சுற்றிய தந்தையையும் இரண்டு மகன்களையும் காட்டும் லாவோகூன் தொகுதியை ஒரே கல் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். 1506-இல் ரோமின் எஸ்குவிலின் குன்றுத் தோட்டத்தில் அது கிடைத்ததுமே பல கற்கள் சேர்ந்தது என்று சிற்பிகள் கண்டுகொண்டார்கள்.

பழைய பொருத்து எது, பின்னால் வந்த ஒட்டு எது என்பதை இணைப்பு முகத்தில்தான் காண வேண்டும். பழைய முகத்தின் ஓரத்தில் விரலகலப் பட்டை வழவழப்பாகவும், நடுப்பகுதி முனை உளியால் கொத்திச் சொரசொரப்பாகச் சற்றே தாழ்த்தியும் இருக்கும். தொடுவது ஓரம் மட்டும். முளைக்குழிக்குப் பக்கத்தில் உருக்கிய ஈயம் ஊற்றிய சிறு வாய்க்கால் தெரிந்தால் இன்னும் நல்லது. முகம் முழுக்க ஒரே தட்டையாக, முறிவைச் சீவியதுபோல் இருந்தால், பின்னால் வந்த கை. குழி சதுரமா வட்டமா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு காலத்திலும் இரண்டும் உண்டு.

லாவோகூன் கைக்கும் கடைசியில் துளைதான் சாட்சியாயிற்று. தந்தையின் வலக்கை கிடைக்கவில்லை. 1530-களில் சிற்பி மொந்தோர்சோலி மேல் நோக்கி நீட்டிய கையைச் சுடுமண்ணில் வைத்தார். நூற்றாண்டுகளாக உலகம் பார்த்தது அந்த நீட்டிய கையைத்தான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் லுட்விக் பொல்லாக், ரோமில் கல்தச்சர் ஒருவரிடம் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டெடுத்து வத்திக்கானுக்குக் கொடுத்தார். அது அரை நூற்றாண்டு கிடங்கில் கிடந்தது. 1957-க்குப் பிறகு தொல்லியலாளர் ஃபிலிப்போ மாஜி அதைச் சேர்த்தார். தோளுக்கும் கைக்கும் நடுவில் ஒரு பகுதி இல்லை, முறிவு நேரடியாகப் பொருந்தவில்லை. ஆனால் கையில் இருந்த துரப்பணத் துளையும் தோளில் இருந்த துளையும் ஒரே கோட்டில் வந்தன. பல்லுளி சொன்ன கைரேகை இல்லாதபோது இப்படி ஏதாவது சிக்கினால்தான் உண்டு.

துருப்பிடி

மூன்றாவது கேள்வி யாரும் தொடவில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்.

எடையிலிருந்து தொடங்குங்கள். ஆளளவு சிலையின் ஒரு முழுக்கை சுமார் 3 முதல் 4 லிட்டர் கன அளவு. பளிங்கின் அடர்த்தி 2.7. அதாவது 8 முதல் 11 கிலோ, அதுவும் தோளிலிருந்து விலகி நீட்டிக்கொண்டு. வெறும் பசையில் நிற்காது என்பதால்தான் முளை.

பழைய ரோம் பட்டறையின் கலவை: பைன் பிசின், தேன்மெழுகு, பளிங்குத்தூள். சூடாக்கி ஊற்றினால் ஆறியதும் பிடிக்கும். உள்ளே இரும்பு முளை. கலவை பரவாயில்லை, சாராயத்திலோ அசிட்டோனிலோ கரையும். பிரச்சினை இரும்பு. துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிக்கும். கல்லுக்கு இழுவிசைத் தாங்கும் சக்தி குறைவு. முதலில் ஒட்டு வரியோரம் பழுப்புக் கசிவு, பிறகு முளையின் திசையிலேயே நீளமான விரிசல், கடைசியில் சில்லு கழன்று விழும். கிரேக்கர்களும் இரும்பைத்தான் வைத்தார்கள், ஆனால் சுற்றி ஈயம் ஊற்றி ஈரம் அண்டாமல் மூடினார்கள். ஏதென்ஸின் அக்ரொபோலிஸில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் பலானோஸ் அந்த ஈய உறையைச் சரியாகப் போடாமல் இரும்புக் கவ்விகளை வைத்தார்; அவை வெடித்துப் பழங்கற்களையே பிளந்தன. 1975-க்குப் பிறகு அவற்றைப் பிடுங்கிவிட்டு டைட்டானியம் வைத்துவருகிறார்கள். துருப்பிடிக்காது, வெப்பத்தில் விரிவதும் கல்லுக்கு நெருக்கம்.

பழைய முளையை எடுப்பது தனிக் கலை. ஈயத்தை உருக்கினால் சுலபமே என்று தோன்றும். ஈயம் உருக 327 டிகிரி வேண்டும். பளிங்கின் கனிமமான கால்சைட்டின் பரல் சூட்டில் ஒரு திசையில் விரிந்து குறுக்குத் திசையில் சுருங்கும் வகை. அத்தனை சூட்டில் பரலுக்கும் பரலுக்கும் பிடிப்பு விட்டு, கல் சர்க்கரைபோல் உதிரத் தொடங்கும். ஆகவே ஈயத்துக்குள்ளேயே முளையைச் சுற்றிச் சிறு துளைகள் போட்டுத் தளர்த்தி இழுப்பார்கள். துருக்கறையை அம்மோனியம் சிட்ரேட் பற்றுப் போட்டு இழுக்கலாம். கழிவறை கழுவும் அமிலத்தைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள், கறையோடு கல்லும் கரையும்.

இப்போது ஒட்டும் முறை. முறிவு முகத்தைச் செதுக்குவது கிடையாது. பழைய பசையை அசிட்டோனில் துடைத்து எடுத்து, பசையில்லாமலே துண்டுகளை ஒருமுறை முழுக்கப் பொருத்திப் பார்ப்பார்கள். வரிசை தப்பினால் கடைசித் துண்டு நுழையாது. பத்துத் துண்டு ஒட்டிய பிறகு அதைக் கண்டுபிடித்து லாபமில்லை. பிறகு இரண்டு முகத்திலும் பாரலாயிட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் 10 முதல் 15 சதவீதம் கரைத்துத் தடவிக் காயவிடுவார்கள். பாரம் தாங்க எபாக்சி வேண்டுமென்றால் அந்தத் திரைக்கு மேல்தான். நாளை கழற்ற வேண்டுமானால் அசிட்டோன் திரையைக் கரைக்கும், எபாக்சி கல்லை விட்டு வந்துவிடும். எபாக்சியை நேராகக் கல்லில் தடவினால் அது நுண்துளைக்குள் இறங்கி, மஞ்சளாகி, வரியோரம் கருத்த பட்டை விழும். பாலியெஸ்டர் பசைக்குக் கூடுதலாகச் சுருங்கும் குணமும் உண்டு.

முளைக்குப் புதுத் துளை போடாமல் பழைய துளையையே எடுத்துக்கொள்வார்கள். முளையை ஒரு பக்கம் மட்டும் நிரந்தரமாகப் பதித்து, மறுபக்கம் உறைக்குள் வழுக்கி நுழையும்படி விடுவது நல்ல வழக்கம். முளையோ பசையோ கல்லைவிட உறுதியாக இருக்கவும் கூடாது. மறுபடி விழுந்தால் உடைய வேண்டியது ஒட்டு, கல் அல்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டனில் 2002-இல் பீடம் சரிந்து நொறுங்கிய துல்லியோ லொம்பார்தோவின் ஆதாம் சிலைக்கு இதைச் சோதனை செய்துதான் முடிவெடுத்தார்கள். அது பழைய ரோமானியச் சிலை இல்லை, 15-ஆம் நூற்றாண்டு வெனிஸ் சிற்பியின் பளிங்குச் சிலை. ஆனாலும் இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வேலை. எஃகுக்குப் பதில் ஃபைபர்கிளாஸ் முளை, அதுவும் மூன்றே இடத்தில்: இரண்டு கணுக்கால், இடது முழங்கால். மீதியெல்லாம் பிசின் ஒட்டு மட்டும். 2014-இல்தான் மறுபடி காட்சிக்கு வந்தது.

இடைவெளியை நிரப்ப பி-72-இல் குழைத்த பளிங்குத்தூளோ பிளாஸ்டரோ போடுவார்கள். மேற்பரப்புக்கு ஒன்றிரண்டு மி.மீ தாழ்த்தி, நிறத்தை ஒரு படி வெளிறலாக விடுவார்கள். தள்ளி நின்றால் கண் உறுத்தாது, கிட்டே போனால் ஒட்டு என்று தெரியும்.

பல்லுளி

துருப்பிடி சொன்ன இரும்புக்கு ஏஜினாவைவிட நல்ல உதாரணம் லான்ஸ்டவுன் ஹெராக்ளிஸ் சிலை. 1790-இல் திவோலியில் ஏட்ரியன் மாளிகைப் பகுதியில் கிடைத்து, 18-ஆம் நூற்றாண்டு ஒட்டுகளோடு அமெரிக்காவின் கெட்டி (Getty) அருங்காட்சியகத்துக்கு வந்தது. முளைகள் துருப்பிடித்ததால் 1970-களில் ஒட்டுகளைக் கழற்றினார்கள். கழற்றியதும் சிலை ஓட்டையாகத் தெரிய, பிறகு 1990-களில் 18-ஆம் நூற்றாண்டுத் துண்டுகளைத் திரும்ப எடுத்து வைத்தார்கள்.

நத்தை_1506

அப்படியானால் மியூனிக்கிலும் அதைச் செய்திருக்கலாமே என்பது என் கட்சி. பெர்னினி செதுக்கிய மெத்தையை லூவர் அருங்காட்சியகத்தின் உறங்கும் ஹெர்மஃப்ரொடைட் சிலைக்கு அடியிலிருந்து உருவ யாரும் துணியவில்லை. தோர்வால்ட்சன் கைகள் மட்டும் என்ன பாவம் செய்தன? முறிவு முகம் ஏற்கெனவே போய்விட்டது. கழற்றினதால் திரும்பவும் இல்லை.

பல்லுளி

மெத்தை சிலையின் நிலையை மாற்றவில்லை. தோர்வால்ட்சன் கால்கள் மாற்றின. 1901 துண்டுகளுக்கு இடம் வேண்டுமே. சாய்வைப் பாதிக்காத மூக்கு, விரல் போன்றவற்றை விட்டிருக்கலாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

வைகறை_க

கடைசியாக ஒன்று. பி-72 ஒட்டு நம் ஊர் வெயிலில் திறந்த வெளியில் நிற்கும் பளிங்குக்குத் தாங்குமா?

துருப்பிடி

பாரம் தாங்கும் இடத்தில் தாங்காது. பி-72 சுமார் 40 டிகிரியில் இளகத் தொடங்கும். நேர் வெயிலில் கல்லின் மேற்பரப்பு அதைத் தாண்டிவிடும், நீட்டிய கை மெல்ல மெல்ல இறங்கும். ஆதாம் சிலைக்கே பி-72 மூன்று பங்குக்கு, இன்னும் உயர்ந்த சூட்டில் இளகும் பி-48என் ஒரு பங்கு கலந்தார்கள், அதுவும் குளிரூட்டிய கூடத்துக்குள். வெளியில் என்றால் திரைக்கு மட்டும் பி-72 என்பதும் பயன்படாது, ஏனென்றால் இளகுவது அந்தத் திரைதான். டைட்டானியம் முளை வைத்துப் பாரத்தை முழுக்க அதன் மேல் விட்டு, பசையை மழைநீர் உள்ளே போகாமல் அடைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சிலையை உள்ளே கொண்டுபோய்விட்டு வெளியில் ஒரு படியை நிறுத்துங்கள்.